சூரியனுக்கு ஒரு நெபுலா கிடைக்குமா?

விண்மீன்களைப் பற்றி எழுதினால் கோடி ஆண்டுகளில்தான் கணக்குப் பேச வேண்டியிருக்கும். அந்தக் கணக்குக்குள் அடங்காத ஒன்று தென்வானில் ஆரா என்ற தொகுதியில் இருக்கிறது. பட்டியலில் அதன் பெயர் எஸ்.ஏ.ஓ. 244567. 1971-இல் ஆராய்ந்தபோது அதன் மேற்பரப்பு வெப்பநிலை சுமார் 21,000 கெல்வின். சூடான நீல விண்மீன். அதற்கு மேல் விசேஷமாகச் சொல்ல ஒன்றுமில்லை. 1993-இல் பெங்களூரு இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தின் எம். பார்த்தசாரதியும் அவருடைய வெளிநாட்டுச் சகாக்களும் அதைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பழைய பதிவுகளையும் புதிய நிறமாலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில், விண்மீனைச் சுற்றிக் கிடந்த வாயு இடைப்பட்ட காலத்தில் ஒளிர ஆரம்பித்திருந்தது. நாற்பது ஆண்டுகளுக்குள் ஒரு கோள்வடிவ நெபுலா பிறந்துவிட்டது என்பதுதான் கட்டுரையின் முடிவு.

ஹபிள் தொலைநோக்கியின் படத்தில் திருக்கை மீனின் சாயல் தெரிந்ததால் ஸ்டிங்ரே நெபுலா என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. 2002-க்குள் நடுவிலிருந்த விண்மீன் 60,000 கெல்வினைத் தொட்டது. அதற்குப் பிறகு ஆறத் தொடங்கியது. ஹபிள் 1996-இல் எடுத்த படத்தையும் 2016-இல் எடுத்த படத்தையும் ஒப்பிட்டவர்களுக்கு அதிர்ச்சி: நெபுலாவிலிருந்து வரும் ஆக்சிஜன் ஒளி ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்காகச் சுருங்கியிருந்தது. வழக்கமாகப் பல ஆயிரம் ஆண்டுகள் எடுத்துக்கொள்ளும் கதை, ஒரு வானியலாளர் வேலைக்குச் சேர்ந்து ஓய்வு பெறுவதற்குள் நடந்து முடிந்திருக்கிறது. விண்மீனில் மிச்சமிருந்த ஹீலியம் திடீரென்று பற்றிக்கொண்டதுதான் இந்த அவசரத்துக்குக் காரணம் என்பது இப்போதைக்கு ஏற்கப்படும் விளக்கம்.

இந்த விண்மீனை முதலில் வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. சாகும் விண்மீன் தன் மேல்போர்வையை உதறும், அது வானத்தில் அழகான நெபுலாவாக ஒளிரும் என்று பாடப்புத்தகங்கள் ஒரே மூச்சில் சொல்லிவிடுகின்றன. உதறுவது வேறு, ஒளிர்வது வேறு. உதறிய வாயு கலைந்து போவதற்குள் அதை ஒளிர வைக்கும் சூடு விண்மீனுக்கு வந்து சேர வேண்டும். சூடு பிந்தினால் நெபுலா இல்லை. சூடு வந்து தணிந்தாலும் நெபுலா மங்கிவிடும் என்பதை ஸ்டிங்ரே காட்டுகிறது. நம் சூரியனுக்கு இந்த நேரப் பொருத்தம் கூடிவருமா என்பதில் நிபுணர்களுக்குள்ளேயே ஒருமித்த கருத்து இல்லை.

*

கோள்வடிவ நெபுலாவுக்கும் கோள்களுக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. பதினெட்டாம் நூற்றாண்டுத் தொலைநோக்கிகளில் அவை சின்னதாக, வட்டமாக, வெளிறித் தெரிந்தன. யுரேனஸைக் கண்டுபிடித்த கையோடு வானத்தைத் துழாவிக்கொண்டிருந்த வில்லியம் ஹெர்ஷல் அப்படிப் பெயர் வைத்துவிட்டார். பெயரோடு விட்டுவிடலாம். ஹெர்ஷலுக்கு முன்பே, 1764 ஜூலை 12 அன்று, பிரெஞ்சு வால்மீன் வேட்டைக்காரர் ஷார்ல் மெஸ்ஸியே இந்த வகையில் முதல் நெபுலாவைப் பார்த்துக் குறித்து வைத்திருந்தார். இன்று அதற்கு எம்27 என்று பெயர்.

ஹெர்ஷலைக் குழப்பியது 1790 நவம்பரில் அவர் பார்த்த ஒன்று. அதுவரை எல்லா நெபுலாக்களும் தொலைவில் இருக்கும் விண்மீன் கூட்டங்கள், இன்னும் பெரிய தொலைநோக்கி கிடைத்தால் தனித்தனி விண்மீன்களாகப் பிரிந்து தெரியும் என்பதே அவர் நம்பிக்கை. இந்த நெபுலாவில் நட்டநடுவில் ஒரே ஒரு விண்மீன், சுற்றிலும் மென்மையான ஒளிப்படலம். இரண்டும் ஒன்றைச் சேர்ந்தவை என்பது பார்த்தவுடனே தெரிந்தது. அந்தப் படலம் விண்மீன் கூட்டமாக இருக்க முடியாது என்று அவர் முடிவுக்கு வந்தார். கண்ணால் பார்த்ததை நம்பித் தன் பழைய கருத்தைக் கைவிட்ட அந்த நேர்மைக்காகவே ஹெர்ஷலைப் பிடிக்கும்.

அது வாயு என்பதற்கு ஆதாரம் கிடைக்க 74 ஆண்டுகள் ஆயின. லண்டனில் ஜவுளி வியாபாரத்தை விற்றுவிட்டு, டல்ஸ் ஹில் பகுதியில் வீட்டோடு சேர்த்து வானாய்வகம் கட்டிக்கொண்ட வில்லியம் ஹக்கின்ஸ், 1864 ஆகஸ்ட் 29 இரவு டிராகோ தொகுதியில் உள்ள பூனைக்கண் நெபுலாவை நோக்கித் தன் நிறமாலைமானியைத் திருப்பினார். விண்மீன் என்றால் வானவில் பட்டை தெரிய வேண்டும். அவருக்குத் தெரிந்ததோ ஒரு பச்சைக் கோடு. கருவிக்குள் ஏதோ நகர்ந்துவிட்டது என்றுதான் முதலில் சந்தேகப்பட்டார். இன்னும் கூர்ந்து பார்த்ததும் பக்கத்தில் மேலும் இரண்டு மெல்லிய கோடுகள் தெரிந்தன. தனித்தனிக் கோடுகளாக ஒளிர்வது சூடான வாயு மட்டுமே. நூறாண்டு வழக்கு ஓர் இரவில் முடிந்தது.

ஆனால் அந்தப் பச்சைக் கோடு புதிய வழக்கைத் தொடங்கி வைத்தது. 500.7 நானோமீட்டர் அலைநீளத்தில் ஒளிர்வதாக பூமியில் எந்தத் தனிமமும் தெரிந்திருக்கவில்லை. 1868 சூரிய கிரகணத்தின்போது குண்டூரிலும் மசூலிப்பட்டினத்திலும் இருந்து பார்த்தவர்கள் சூரிய ஒளியில் ஓர் அறியாத மஞ்சள் கோட்டைக் கண்டார்கள். அதற்கு உரியது ஹீலியம் என்ற புதுத் தனிமம் என்பது பின்னால் உறுதியானது. அதே வழியில் இங்கும் ஒரு புதுத் தனிமம் இருக்க வேண்டும் என்று எண்ணி 'நெபுலியம்' என்று பெயரும் சூட்டினார்கள். தனிம அட்டவணை நிரம்ப நிரம்ப, நெபுலியத்தை வைக்க இடமே இல்லாமல் போனது. 1927-இல் அமெரிக்க இயற்பியலாளர் இரா போவன் முடிச்சை அவிழ்த்தார். அது நாம் சுவாசிக்கும் ஆக்சிஜன்தான், இரண்டு எலக்ட்ரான்களை இழந்த நிலையில்.

அப்படியானால் ஆய்வகத்தில் ஏன் அந்தப் பச்சை வரவில்லை? அந்த ஒளியை வெளிவிட, கிளர்ச்சியுற்ற ஆக்சிஜன் அயனி சராசரியாக அரை நிமிடத்துக்கு மேல் யாராலும் இடிபடாமல் இருக்க வேண்டும். பூமியில் உள்ள வாயுக்களில் அதற்கு வழியில்லை. தீபாவளிக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை ரங்கநாதன் தெருவில் அரை நிமிடம் யார் மேலும் இடிக்காமல் நிற்பது போன்ற காரியம் அது. நாம் சுவாசிக்கும் காற்றில் ஒரு கன சென்டிமீட்டரில் சுமார் இரண்டரை லட்சம் கோடி கோடி மூலக்கூறுகள் இருக்கின்றன. நெபுலாவிலோ அதே இடத்தில் சில ஆயிரம் அணுக்கள் மட்டுமே. ஆய்வகங்களின் வெற்றிடக் குழாய்களுக்குள்ளும் பெரும்பாலும் இதைவிட நெருக்கடி அதிகம். படங்களில் திரண்ட மேகமாகத் தெரிவது உண்மையில் ஏறக்குறைய வெறுமை.

*

சூரியனுக்கு இப்போது வயது 460 கோடி ஆண்டுகள். அதன் நடுவில் ஒன்றரைக் கோடி டிகிரி வெப்பத்தில் நொடிக்குச் சுமார் 60 கோடி டன் ஹைட்ரஜன் பிணைந்து ஹீலியமாகிறது. அதில் 40 லட்சம் டன் ஆற்றலாக மாறி வெளியேறுகிறது. ஹைட்ரஜன் குறையக் குறைய சூரியன் மங்கும் என்று நினைக்கத் தோன்றும். நடப்பது நேர்மாறு. நான்கு ஹைட்ரஜன் அணுக்கரு சேர்ந்து ஒரு ஹீலியம் ஆவதால் மையத்தில் துகள்களின் எண்ணிக்கை குறைகிறது. அதே அழுத்தத்தைத் தாங்க மையம் இன்னும் சுருங்கிச் சூடாக வேண்டியிருக்கிறது; சூடானால் எரிப்பு வேகமாகிறது. நூறு கோடி ஆண்டுக்குப் பத்து சதவீதம் என்ற கணக்கில் சூரியன் பிரகாசமாகிக்கொண்டே போகிறது. அதனால், சூரியன் வீங்கி பூமியை விழுங்குமா என்று கவலைப்படுகிறவர்கள் கொஞ்சம் பிந்திவிட்டார்கள் என்றே சொல்ல வேண்டும். இன்னும் நூறு கோடி ஆண்டு அளவில் கடல்கள் ஆவியாகத் தொடங்கிவிடும். வீக்கம் வருவது அதற்கு மிக மிகப் பிறகு.

சுமார் 500 கோடி ஆண்டுகள் கழித்து மையத்தில் ஹைட்ரஜன் தீரும். ஹீலியம் மட்டும் நிறைந்த மையம் சுருங்க, அதைச் சுற்றிய ஓட்டில் ஹைட்ரஜன் முன்னைவிட மும்முரமாக எரியும். உள்ளே சுருங்கச் சுருங்க வெளியே விரியும். சூரியன் சிவப்பு ராட்சதன் ஆகும். கிளாஸ்-பீட்டர் ஷ்ரோடர், ராபர்ட் கானன் ஸ்மித் இருவரும் 2008-இல் போட்ட கணக்கின்படி, 760 கோடி ஆண்டுகள் கழித்து அதன் ஆரம் இன்றைப்போல் 256 மடங்காகும். பூமியின் இன்றைய பாதையை அது தாண்டிவிடும். அதற்குள் சூரியன் தன் நிறையில் மூன்றில் ஒரு பங்கை இழந்திருப்பதால் ஈர்ப்பு தளர்ந்து பூமி விலகிப் போகும். ஆனால் வீங்கிய சூரியன் மேல் பூமி எழுப்பும் ஓதம் அதைத் திரும்ப உள்ளே இழுக்கும். இரண்டில் இழுப்பே வெல்லும் என்பது அவர்களின் முடிவு. பூமி இப்போது இருப்பதைவிட 15 சதவீதம் தள்ளி இருந்தால் தப்பித்திருக்கும்.

மையம் பத்துக் கோடி டிகிரியை எட்டும்போது ஹீலியம் பற்றி எரிந்து கார்பனாகவும் ஆக்சிஜனாகவும் மாறும். இந்த இரண்டாவது எரிபொருள் சுமார் பத்துக் கோடி ஆண்டுகள் தாங்கும், அவ்வளவுதான். பிறகு மறுபடி வீக்கம். இந்த முறை மையத்தைச் சுற்றி ஹீலியம் ஓடும் ஹைட்ரஜன் ஓடும் மாறி மாறி எரிய, விண்மீன் நிலைகொள்ளாமல் துடிக்கும். துடிப்பு வெளிப்போர்வையை மேலே தள்ளும். மேலே போன வாயு ஆறி, தூசித் துகள்களாக உறையும். துகள்களை விண்மீனின் ஒளியே வெளியே தள்ள, துகள்கள் வாயுவையும் இழுத்துக்கொண்டு கிளம்பும். வெடிப்பு, இரைச்சல் எதுவும் கிடையாது. நொடிக்குப் பத்து இருபது கிலோமீட்டர் வேகத்தில் வீசும் ஒரு மந்தமான காற்று, ஆயிரக்கணக்கான ஆண்டுகள் தொடர்ந்து வீசி, விண்மீனை உரித்துவிடுகிறது.

இதைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் மீரா என்ற விண்மீன் இருக்கிறது. 1596-இல் டேவிட் ஃபாப்ரிசியஸ் அது தெரிவதும் மறைவதுமாக இருப்பதைக் கவனித்தார். சுமார் 332 நாளுக்கு ஒருமுறை வெறுங்கண்ணுக்குப் பளிச்சென்று தெரிந்து பிறகு காணாமல் போகும். சூரியனின் கடைசிக் கட்டத் துடிப்பும் இந்த வகைதான். 2007-இல் கேலக்ஸ் என்ற புற ஊதாத் தொலைநோக்கி, மீராவுக்குப் பின்னால் 13 ஒளியாண்டு நீளத்துக்கு ஒரு வால் நீண்டிருப்பதைக் காட்டியது. சுமார் 30,000 ஆண்டுகளாக அது இழந்துவரும் பொருள் அத்தனையும் வழியெல்லாம் சிந்திக் கிடக்கிறது.

*

இனிதான் நேரக் கணக்கு. போர்வை போனபின் மிஞ்சுவது கார்பன், ஆக்சிஜன் மையமும் அதன்மேல் மெல்லிய ஹைட்ரஜன் தோலும். அந்தத் தோல் எரிந்து தீரத் தீர, விண்மீன் சுருங்கி மேற்பரப்பு சூடாகிறது. 25,000 அல்லது 30,000 கெல்வினைத் தாண்டினால்தான் வாயுவை அயனியாக்கும் அளவுக்குப் புற ஊதா ஒளி வரும். வாயு இதற்காகக் காத்திருப்பதில்லை. நொடிக்கு 20 கிலோமீட்டர் என்று வைத்தாலும் பத்தாயிரம் ஆண்டில் முக்கால் ஒளியாண்டுக்குக் கொஞ்சம் குறைவான தொலைவுக்கு விரிந்துவிடும். இன்னும் இருபதாயிரம் ஆண்டு போனால் சுற்றியுள்ள விண்வெளியிலிருந்து அதைப் பிரித்தறிவதே கஷ்டம்.

மையம் எவ்வளவு கனமோ அவ்வளவு வேகமாகச் சூடேறும். சூரியன் விட்டுச்செல்லும் மையம் சூரிய நிறையில் 0.54 பங்கு, அதாவது லேசான ரகம். பழைய கணினி மாதிரிகளின்படி அது நிதானமாகச் சூடேறுவதற்குள் வாயு முழுவதும் கலைந்திருக்கும். ஷ்ரோடரும் ஸ்மித்தும் வேறொரு கோணத்தில் வந்து அதே பக்கம் சாய்ந்தார்கள்: சூரியன் இழக்கப்போகும் நிறையின் பெரும்பகுதியை முன்கூட்டியே, முதல் வீக்கத்திலேயே செலவழித்துவிடும், கடைசியில் உதற மீதமிருப்பது சொற்பம். முறையான நெபுலா கிடையாது, மெல்லிய ஓர் உறை மட்டுமே என்றார்கள்.

2018-இல் கேஸிக்கி, ஸீல்ஸ்ட்ரா, மில்லர் பெர்டொலாமி ஆகிய மூவர் புதிய கணக்கோடு வந்தார்கள். விண்மீனின் உட்பகுதி பற்றிய இயற்பியலைத் திருத்திப் போட்டால், போர்வை போன மையம் முன்பு நினைத்ததைப்போல் மூன்று மடங்கு வேகமாகச் சூடேறுகிறது. அதன்படி சூரியன் எல்லைக்கோட்டை நூலிழையில் தாண்டிவிடுகிறது. மங்கலான, ஆனால் பார்க்கக்கூடிய ஒரு நெபுலா கிடைக்கும். இதைவிடக் கொஞ்சம் எடை குறைந்த விண்மீனுக்கு அந்த வாய்ப்பும் இல்லை. அவர்கள் சூரியனுக்காக இந்தக் கணக்கைப் போடவில்லை என்பதுதான் சுவாரசியம். வயதான விண்மீன்களே நிறைந்த நீள்வட்ட அண்டங்களிலும், இளம் விண்மீன்கள் உள்ள அண்டங்களிலும் மிகப் பிரகாசமான கோள்வடிவ நெபுலாக்கள் ஒரே அளவு பிரகாசத்தோடு இருப்பது ஏன் என்ற பழைய புதிருக்கு விடை தேடியபோது இது கிடைத்தது. என் சாய்வு 2018 கணக்கின் பக்கம். அது ஓர் அண்டத்துக்கு மட்டுமின்றிப் பல அண்டங்களின் அவதானிப்புக்கும் ஈடுகொடுக்கிறது.

இன்னொரு கட்சியும் உண்டு. நெபுலா உருவாக இரட்டை விண்மீன் வேண்டும், தனி ஆளால் ஆகாது என்பவர்கள் அவர்கள். நெபுலாக்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றுதான் சீரான உருண்டை. மற்றவை இருபுறமும் சிறகு விரித்தும், முறுக்கிக்கொண்டும், அடுக்கடுக்காகவும் இருக்கின்றன. தனியாக இருக்கும் விண்மீன் இத்தனை கோலங்களைப் போட முடியாது. ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் முதல் வண்ணப்படங்கள் 2022 ஜூலை 12 அன்று வெளியாயின. மெஸ்ஸியே எம்27-ஐப் பார்த்து சரியாக 258 ஆண்டுகள். அந்த வரிசையில் இருந்தது தெற்கு வளைய நெபுலா. அதன் நடுவில் பளிச்சென்று தெரியும் விண்மீனுக்கும் நெபுலாவுக்கும் பெற்ற உறவு இல்லை; பக்கத்தில் மங்கலாக இருப்பதுதான் போர்வையை உதறியது. வெப்பின் அகச்சிவப்புக் கண்ணில் அந்த மங்கல் விண்மீன் தூசி சூழ்ந்து சிவந்து தெரிந்தது. வளைந்து நெளிந்த உறைகளையும் தூசியையும் விளக்க முயன்ற ஆய்வுக்குழு, அங்கே இரண்டு போதாது, நான்கு ஐந்து விண்மீன்கள் வரை இருந்திருக்கலாம் என்று சொன்னது.

யாழ் தொகுதியின் வளைய நெபுலாவிலும் இதே கதை. ஆகஸ்ட், செப்டம்பர் மாலைகளில் வடக்குப் பக்கம் உயரத்தில் தெரியும் அபிஜித் விண்மீனுக்கு அருகே அது இருக்கிறது. நான்கு அங்குலத் தொலைநோக்கியில் சாம்பல் நிற வளையம் தெரியும். நடுவிண்மீனை எதிர்பார்க்க வேண்டாம், அதற்குப் பெரிய கருவி வேண்டும். 2023-இல் வெப் எடுத்த படத்தில் வளையத்துக்குள் சுமார் 20,000 வாயு முடிச்சுகளும், வெளி ஓரத்தில் ஒரே சீரான இடைவெளியில் பத்து மெல்லிய வளைவுகளும் தெரிந்தன. ஒவ்வொரு வளைவுக்கும் இடையே சுமார் 280 ஆண்டுகள். விண்மீனுக்கு அப்படியொரு தாளம் கிடையாது. கண்ணுக்குத் தெரியாத துணை ஒன்று சுற்றிவந்து வாயுவை உழுதிருக்கிறது.

சூரியனுக்குத் துணை விண்மீன் இல்லை. நெபுலா வாய்த்தாலும் அலங்காரமில்லாத உருண்டையாகத்தான் இருக்கும்.

*

நெபுலா கலைந்த பிறகு மிஞ்சுவது வெள்ளைக் குள்ளன்: சூரிய நிறையில் பாதிக்கு மேல், பூமியைவிடக் கொஞ்சமே பெரிய உருண்டைக்குள். அதில் ஒரு தேக்கரண்டி எடுத்தால் டன் கணக்கில் கனக்கும். எரிபொருள் இல்லாத அந்த உருண்டை ஏன் மேலும் நொறுங்குவதில்லை என்றால், ஒரே நிலையில் இரண்டு எலக்ட்ரான்கள் இருக்க இயற்கை அனுமதிப்பதில்லை. நெருக்க நெருக்க அவை எதிர்த்துத் தள்ளுகின்றன. ரால்ஃப் ஃபௌலர் 1926-இல் இதைச் சொன்னார். அந்தத் தள்ளலுக்கும் எல்லை உண்டு என்று கண்டுபிடித்தவர், சென்னை மாநிலக் கல்லூரியில் படித்துவிட்டு 1930 ஜூலை இறுதியில் பம்பாயில் கப்பலேறிய 19 வயது சந்திரசேகர். எலக்ட்ரான்களின் வேகம் ஒளியின் வேகத்தை நெருங்கும்போது சார்பியலையும் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று கப்பலிலேயே போட்டுப் பார்த்தார். சூரிய நிறையைப்போல் சுமார் 1.4 மடங்குக்கு மேல் போனால் எதிர்ப்பு உடைந்துவிடும் என்று பின்னர் எண் திருந்தி நின்றது. 1935 ஜனவரியில் லண்டன் கூட்டத்தில் எடிங்டன் அதைப் பகிரங்கமாக மறுத்ததும், நோபல் பரிசுக்கு 1983 வரை காத்திருக்க நேர்ந்ததும் பலரும் அறிந்தவை. இந்த அத்தியாயத்துக்கு வேண்டியது அந்த எண் மட்டும். சூரியனின் 0.54 அதற்கு வெகு தூரம் கீழே இருக்கிறது. எனவே வெடிப்பு கிடையாது. கோடானுகோடி ஆண்டுகள் ஆறுவது, உள்ளே படிகமாக உறைவது, இவ்வளவுதான் மிச்ச வேலை.

உதறப்பட்ட வாயுவின் கணக்கு பாக்கி. விண்மீன்கள் சமைத்த கார்பன் இந்த வழியாகத்தான் விண்வெளிக்குத் திரும்புகிறது, நம் உடம்பின் கார்பனும் அப்படி வந்ததே என்பார்கள். சூரியனைவிட ஒன்றரை மடங்கும் அதற்கு மேலும் கனமான விண்மீன்களுக்கு அது பொருந்தும். டிசி 1 என்ற நெபுலாவில், கால்பந்து வடிவில் அறுபது கார்பன் அணுக்கள் கோத்த மூலக்கூறையே 2010-இல் கண்டுபிடித்தார்கள். சூரியனுக்கோ தன் அடியில் சமைத்த கார்பனை மேல்போர்வை வரை கிளறிக் கொண்டுவரும் வலு இல்லை. அந்தக் கார்பன் முழுக்க வெள்ளைக் குள்ளனுக்குள்ளேயே அடைபட்டுவிடும். அது வெளியே விடப்போவது பெரும்பாலும் பிறக்கும்போது வாங்கி வந்த அதே ஹைட்ரஜனும் ஹீலியமும். சிவப்பு ராட்சதனாக இருந்தபோது நடந்த கலக்கலால் அதில் கார்பன் வாங்கியதைவிடச் சற்றுக் குறைவாகவும், நைட்ரஜன் சற்றுக் கூடுதலாகவும் இருக்கும்.